கண் வெளுக்காத வைரி

அது பனங்கட்டையிலிருந்து தரைக்கு இறங்கியபோது மணி ஏழு பத்து. இறங்கியது என்பதைவிட விழுந்தது என்றே சொல்லலாம். ஆடிக்காற்று வாலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தது, கால்களை முன்னால் நீட்டி எப்படியோ ஊன்றிக்கொண்டது, இறக்கைகளை இரண்டு தடவை மடக்கித் திருத்தியது, பிறகு யாரும் பார்க்கவில்லை என்பதுபோல நடக்கத் தொடங்கியது. பருந்து இனம் நடக்குமா, நடக்கும், இது நடக்கும், வெட்டுக்கிளிக்காகவும் ஓணானுக்காகவும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கோழி மாதிரி நடக்கும், என்று சங்கரவடிவு மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மடக்கு நாற்காலியில் முன்னால் குனிந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். மனசுக்குள்தான். காலையில் எழுந்ததிலிருந்து வாய் திறந்து இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார், பஸ்ஸில் பாஸைக் காட்டினால் போதும், கரண்டு எடுக்கிற காற்றாடிகளின் வாட்ச்மேன் தூக்கத்திலேயே கையை உயர்த்துவார். சில நாள் பதினொரு மணிக்குத்தான் முதல் வார்த்தை வரும், அதுவும் கரகரத்து வரும், யாரோ பேசினதுபோல அவளே திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் இருபத்திரண்டு வருஷம் லேப் உதவியாளர், இருபத்திரண்டு வருஷமும் தற்காலிகம். துறையை மூடிய பிறகு இந்த வேலை. பதினாலாம் நம்பர் காற்றாடியின் அடியில் விடிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் இறக்கையில் அடிபட்டுச் செத்த பறவை ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பத்து மணிவரை உட்கார்ந்து, உயிரோடு வந்து போகிறவற்றை எழுத வேண்டும். பெயர், வயது, எத்தனை, எந்தத் திசை. கடைசிக் கட்டத்தில்: உறுதி, அநேகமாக, தெரியவில்லை. இன்றைய சுற்றில் ஒன்றும் கிடக்கவில்லை. உயிருள்ளது இது ஒன்று. காக்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, சாம்பல் படிந்த பழுப்பு, வாலில் செம்பட்டை, மடக்கிய இறக்கையின் நுனி வாலின் நுனியைத் தொடப் பார்க்கிறது. இறக்கை நீளம், அதனால் வல்லூறு இல்லை, வல்லூறுக்கு இறக்கை குட்டை, வால்தான் நீளம். வால் பிளக்கவில்லை, அதனால் கரும்பருந்து இல்லை. பூனைப்பருந்தாக இருக்க இது மாசமில்லை, அது பனிக்காலத்து விருந்தாளி. இப்படி இல்லை இல்லை என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது வெள்ளைக்கண் வைரி. தொண்டை வெள்ளை, அதில் மூன்று கறுப்புக் கோடு, ஓரத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று. கோடு இருக்கிறது, கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. கண் மட்டும் வெள்ளையாக இல்லை.

காற்றில் பைனாகுலர் ஆடியது, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பழுப்புக் கண். ஈரமான, கன்றுக்குட்டிக் கண். கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வைரி இருந்தது, யாரோ எந்தக் காலத்திலோ பஞ்சு அடைத்து வைத்தது, அதற்கு மஞ்சள் பாசிக் கண். பாடம்பண்ணியவரிடம் வெள்ளைப் பாசி இல்லைபோல, கையில் இருந்ததை ஒட்டிவிட்டார். வருஷா வருஷம் பிள்ளைகள் வரிசையில் நின்று, கண் மஞ்சள் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினார்கள், மார்க்கும் வாங்கினார்கள். பெட்டியின் அடியிலேயே பெயர்ச்சீட்டு இருந்தது, வெள்ளைக்கண் வைரி என்று, அவள்தான் எழுதி ஒட்டினாள், இருந்தும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பார்த்ததை நம்புவதா, பெயரை நம்புவதா. இது குஞ்சாக இருக்கும். குஞ்சுக்குக் கண் பழுப்பாகத்தான் இருக்கும், வளர வளரத்தான் வெளுக்கும். அப்படியென்றால் கண்ணை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. அதுவும் மூடியிருந்தால். மூடியிருந்தது, அன்று பார்த்த முகத்தில் ஒரு கண் மூடியிருந்தது, மற்றது இருந்த இடம், வேண்டாம். அவள் பைனாகுலரை இறக்கி, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். தலைக்குமேல் காற்றாடியின் இறக்கை ஒவ்வொன்றாக வந்து வந்து போயிற்று, ஊஷ், ஊஷ், யாரோ பெரிய முறத்தில் எதையோ புடைக்கிறதுபோல. செம்மண் பறந்து பல்லில் நறநறத்தது. அந்தப் பறவை இரண்டடி நடந்து நின்று, மண்ணைக் குத்திவிட்டு, வெறும் வாயோடு நிமிர்ந்தது.

ஆட்டு மணிச் சத்தம் முதலில் வந்தது, பிறகு ஆடுகள், பிறகு மாசானம். அறுபது தாண்டியவர், தலையில் துண்டை முண்டாசாக இறுக்கியிருந்தார், இந்தப் பொட்டலில் அவளோடு பேசுகிற ஒரே ஆள், அதுவும் ஆடு இந்தப் பக்கம் வருகிற நாளில்.

"என்ன தாயி, இன்னைக்கு என்னமும் விழுந்து கெடக்கா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி." குரல் கரகரத்தது. செருமிக்கொண்டாள். "அந்தா நடக்குது பாத்தியளா, அது என்னதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் கையைப் புருவத்துக்கு வைத்துப் பார்த்தார். "அதுவா, ஓணாம்பருந்துல்லா."

"கண்ணு வெள்ளையா இல்லையே."

"கண்ணையா பாப்பாக? இம்புட்டுத் தூரத்துல எனக்கு எங்கன கண்ணு தெரியுது. நடையப் பாரும்மா. கொஞ்சம் நடக்கும், நிக்கும், மண்ணக் குத்திப் பாக்கும், பொறவு நடக்கும். எந்தப் பருந்து இப்பிடி, செருப்ப எங்கயோ விட்டுட்டு வந்தவன் மாதிரி நடக்குது?" அவரே சிரித்துக்கொண்டார். "என் ஆட்ட நான் மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிக்கேன்? இருவது வருசமா பின்னால போயிப் போயி, குண்டியப் பாத்தே எது யாருன்னு சொல்லிருவேன். இது குஞ்சு தாயி. மாசியில அந்த முள்ளு உடைமரத்துல கூடு வச்சுதுல்லா, அதுல பொரிஞ்சது. இந்தக் காத்துல பறக்கத் தெரியல, தரையில தின்னுட்டுத் திரியுது."

"தாயும் தகப்பனும்?"

"ஒண்ணு வடக்கு வேலியில குத்தவச்சிருக்கும். இன்னொண்ண ஒரு வாரமாக் காணும்." அதைச் சொல்லிவிட்டு, வேலிக்குள் தலையை நுழைத்த ஒரு ஆட்டைப் பார்த்து, "ஏ செவலை, ஒனக்கு அங்கன என்ன சோலி" என்று கத்திக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரமாகக் காணும். அவள் நோட்டில் வெள்ளைக்கண் வைரி, இளசு, ஒன்று, தரையில், என்று பென்சிலால் எழுதினாள், உறுதியா அநேகமாகவா என்ற இடத்தில் பென்சில் நின்றது. நடையைப் பார் என்கிறார். நடையைப் பார்த்து அவள் ஒரு தடவை ஏமாந்திருக்கிறாள். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆள் முன்னால் போனான், வலது தோளைக் கொஞ்சம் முன்னால் விட்டு, கூட்டத்துக்குள் நீந்துகிறவன்போல, தம்பி பிரமநாயகம் அப்படித்தான் நடப்பான், சின்னதிலிருந்தே அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது கையை உருவிக்கொண்டு தோளை முன்னே விட்டு ஓடுவான், யக்கா நீ மெதுவா வா, நான் போய் நிக்கேன். அந்த ஆளின் பின்னால் பத்து நிமிஷம் போனாள். பழக்கடை தாண்டி, கட்டணக் கழிப்பறை தாண்டி, வள்ளியூர் பஸ் நிற்கிற இடம்வரைக்கும். நாயகம் என்று கூப்பிடத் தெம்பு வரவில்லை. கூப்பிட்டு அவன் திரும்பாவிட்டால்? திரும்பிவிட்டால்? அவனே எதற்கோ திரும்பினான். வேறு முகம், இருபத்தைந்து வயசுப் பையன், பல்லில் கம்பி. நாயகம் இருந்தால் நாற்பத்திமூன்று. இருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வாள், இருந்தால் என்ன இருந்தால், அவள்தானே சொன்னாள் அது அவன் இல்லை என்று, கையெழுத்துப் போட்டுச் சொன்னாளே, அப்புறம் அவன் இருக்கத்தானே வேண்டும். அவனுடைய நம்பருக்குப் பேசினால் ரொம்ப நாள் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. போன வருஷம் பொங்கலன்று சும்மா அழுத்தினாள், மணி அடித்தது. எழுந்து நின்றுவிட்டாள். ஒரு பெண் எடுத்தாள், சேலத்துப் பேச்சு, பின்னால் குழந்தை அழுகிற சத்தம், குக்கர் விசில். யாருங்க, யாருங்க பேசறது, என்றாள். தப்பான நம்பர் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். பொங்கல் ஆச்சா என்று கேட்டாள் சங்கரவடிவு. ஆச்சுங்க, நீங்க யாரு, என்றாள் அவள், கோபமில்லாமல். அதோடு சங்கரவடிவு வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவள் பேசிய பேச்சு அதுதான்.

எப்போதும் அந்தப் பிணவறையின் வாசலோடு நினைப்பை நிறுத்திவிடுவாள். ஆனால் அது நிற்கிற சாதி இல்லை, ஈ மாதிரி, விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்காரும். ஐப்பசி மாசம், நாலு வருஷத்துக்கு முன்னால், வடக்கே ஒரு ஜங்ஷனிலிருந்து ரயில்வே போலீஸ் கூப்பிட்டது. தண்டவாளத்தில் ஒரு ஆள், சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டின் பின்னால் உங்க நம்பர் எழுதியிருக்கும்மா, வந்து பாத்துட்டுப் போங்க. தனியாகத்தான் போனாள். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் நம்பர் துறை நோட்டீஸ் போர்டில் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள், எவனோ ஒரு மாணவன், பாவம், என்று கணக்குப்போட்டுக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பினாயில் வாடை, அதுக்கடியில் இன்னொரு வாடை. கல்லூரியில் ஃபார்மலின் ஜாடிகளோடு இருபத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு அது புதுசில்லை, அதனால்தான் கால் நடுங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். துணியை விலக்கினவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தாடி. நாயகத்துக்குத் தாடி கிடையாது, இரண்டு நாள் விட்டாலே சொறிவான். முகத்தில் பாதிதான் இருந்தது, அந்தப் பாதியும் வீங்கியிருந்தது. பாதத்தைப் பார்த்தாள். வலது பாதம் துணிக்கு வெளியே நீட்டியிருந்தது, வெடிப்பு ஓடிய குதிகால், யாருக்கும் இருக்கக்கூடிய பாதம். இடது பாதம் துணிக்குள் இருந்தது. இடது கட்டைவிரல் நகம்தான் பிளந்திருக்கும், ஏழு வயசில் மரக்கதவு சாய்ந்து விழுந்தது, அப்புறம் அந்த நகம் எப்போது வளர்ந்தாலும் நடுவில் பிளந்தேதான் வளரும், அவள்தான் வெட்டிவிடுவாள், யக்கா மெதுவா, மெதுவா. இடது காலைக் காட்டுங்க என்று கேட்டால் போதும், மூன்று வார்த்தை. நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா, என்றார் போலீஸ்காரர். பாத்துட்டேன், என்றாள். எங்க தம்பி இல்ல. வெளியே வந்து, எதிர்க்கடையில் டீயும் இரண்டு பருப்பு வடையும் சாப்பிட்டாள். அப்படி ஒரு பசி. வடை சூடாக இருந்தது, நன்றாக இருந்தது, மூன்றாவது வடையும் கேட்டு வாங்கினாள். தாடியை அவன் வளர்த்திருக்கலாம். அம்மா போனதற்கு அப்புறம் அவனைப் பார்க்காமல் இரண்டு வருஷம், இரண்டு வருஷத்தில் யாருக்கும் தாடி வளரும்.

போன் அடித்தது. ஜெபசெல்வி, நாகர்கோவில் ஆபீஸில் இந்தக் கணக்கெடுப்பைப் பார்க்கிற பெண், அவளைவிட இருபது வயது சின்னவள், மூச்சுவிடாமல் பேசுவாள்.

"அக்கா, போன வியாழக்கிழமை பதினாலாம் நம்பர் அடியில ஒரு இறக்கை எடுத்தீங்கல்லா, அதுல 'வெள்ளைக்கண் வைரி இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. எதை வெச்சு?"

"ஒத்தை இறக்கைதான் ஜெபா, கசங்கிக் கெடந்துச்சு."

"படத்துல மேல்பக்கம் மட்டுந்தான் இருக்கு. தோள்கிட்ட வெளிறி ஒரு திட்டு தெரியுது, அதான் கேக்குறேன். அடிப்பக்கம் எப்படி இருந்துச்சு?"

சங்கரவடிவு நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினாள்.

"திருப்பிப் பாத்தீங்களா அக்கா?"

"இல்ல."

"திருப்பிப் பாக்காம எப்படி இல்லைன்னு போட்டீங்க?" கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தெரியலைன்னு போட்டாக்கூட நான் விட்டிருவேன், அடுத்த வாரம் தேடுவோம். இல்லைன்னு போட்டா அந்தப் பக்கத்தையே மூடிருவோம்லா. இறக்கை இருக்கா?"

"கவர்ல போட்டு வாட்ச்மேன் ரூம்ல இருக்கு."

"ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. தப்பா இருந்தா அழிச்சுத் திருத்திக்கலாம், பென்சில்தானே. வைக்கேன் அக்கா."

வாட்ச்மேன் ரூமுக்கு இருநூறு அடி. காற்று எதிர்த்து அடித்தது, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள், அந்த இருநூறு அடிக்குள் நினைப்பு எத்தனை தடவை முன்னும் பின்னும் போயிற்று. எதை வெச்சு. எதை வெச்சுச் சொன்னாய். வியாழக்கிழமை அந்த இறக்கையைக் கையில் எடுத்தபோதே தெரியும், கனமே இல்லாமல் இருந்ததும் தெரியும், உடைமரத்துக் கூட்டை மாசிக் கடைசியிலிருந்து தினமும் பார்த்தவள் அவள், இரண்டு பறவையும் சுள்ளி கொண்டுவந்ததைத் தேதி போட்டு எழுதியவள். தெரிந்ததால்தான் திருப்பவில்லை. அப்படியானால் அங்கேயும்? இல்லை, அங்கே தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாமே. இல்லை என்று ஏன் சொன்னாய். அது வாய்க்குப் பழக்கமான வார்த்தையாக இருந்தது, ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிப் பழகியிருந்தது. அம்மாவை எடுத்த மறுநாள் அவன் வந்தான், திருப்பூரிலிருந்து, பஸ் கிடைக்கவில்லை என்றான், சட்டையெல்லாம் கசங்கி, வாயில் வாடை இருந்ததா இல்லையா, இருந்தது என்று அவள் அன்று நினைத்தாள், இப்போது தெரியவில்லை. சொந்தக்காரர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாசம் அம்மாவுக்கு மலம் மூத்திரம் அள்ளினது அவள், ராத்திரி ராத்திரியாக நாயகம் வந்தானா நாயகம் வந்தானா என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னது அவள். வாசலில் நின்று, நீ எனக்குத் தம்பியே இல்ல, போ, என்றாள். சித்தப்பா, ஏம்மா சங்கரி, என்று எழுந்தார். அவன் செருப்பைக் கழற்றியிருந்தான், மறுபடி மாட்டிக்கொண்டான், வார் பிடிபடவில்லை, குனிந்து மாட்டினான், அத்தனை நேரமும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தோளை முன்னால் விட்டு நடந்து போனான். அவளுடைய கோபம் அன்று ராத்திரியே தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தாள், பதினாறு கழியட்டும் என்று நினைத்தாள், அவனே கூப்பிடட்டும் என்று நினைத்தாள்.

வாட்ச்மேன் வெளியே போயிருந்தார். மேசைக்கடியில் கவர் இருந்தது, அவள் கையெழுத்தில் தேதி. பிரித்து மேசைமேல் பேப்பர் விரித்து இறக்கையை வைத்தாள். மேல்பக்கம் தோளருகே வெளிறிய திட்டு, ஜெபசெல்வி சொன்னது சரி. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். காய்ந்த மூட்டு சின்னதாக முறிகிற சத்தம் கேட்டது. அடியில் உள்பக்கத்துச் சிறகெல்லாம் இருட்டாக, நீளச் சிறகெல்லாம் வெளிறி, நுனியில் மட்டும் மை தொட்டதுபோலக் கறுப்பு. இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. நோட்டைத் திருப்பி, வியாழக்கிழமைப் பக்கத்தில் 'இல்லை' என்பதை ரப்பரால் அழித்தாள், தாள் கொஞ்சம் கிழிந்தது. வெள்ளைக்கண் வைரி, வளர்ந்தது, ஒன்று. உறுதி. எழுதி முடித்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இறக்கையை மறுபடி கவரில் இட்டு மடக்கி வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்றாள். போனில் 'ரயில்வே' என்று போட்டு வைத்திருந்த நம்பர் இருந்தது. அப்போது ஒரு தடவை, பிறகு கையெழுத்துக்காக ஒரு தடவை, அவர்கள்தான் கூப்பிட்டார்கள். அவளாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அழிக்கவும் இல்லை. மணி ஒன்பது இருபது. பத்து மணிக்குமேல் கூப்பிடலாமா, ஆபீசர் வந்திருப்பாரா, இவ்வளவு நாள் கழித்து என்ன சொல்வார்கள், திட்டுவார்களா, கேஸ் ஏதும் ஆகுமா, அது அவன்தான் என்றால், அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் பின்னாலும் போக வேண்டாம், அதற்கப்புறம் யாருக்காகப் போனைச் சார்ஜில் போடுவது, என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் அழுத்திவிட்டது. நாலு தடவை மணி அடித்தபின் ஒரு பெண் குரல் எடுத்தது, வயது குறைந்த குரல்.

"ரயில்வே போலீஸ், சொல்லுங்க."

"நாலு வருசத்துக்கு முன்னால, ஐப்பசியில, ஒரு பாடி பாக்க வரச் சொல்லியிருந்தாவ. நான் வந்து பாத்துட்டு எங்க ஆள் இல்லன்னு எழுதிக் குடுத்தேன்." மூச்சு வாங்கியது. "நான் சரியாப் பாக்கலம்மா. ஒரு காலு பாக்கல."

அந்தப் பக்கம் ஏதோ சரசரத்தது. ஃபைல் புரட்டுகிற சத்தமா விசிறிச் சத்தமா தெரியவில்லை.

"அடக்கம் பண்ணியிருப்பாங்கம்மா. ஆனா போட்டோ எல்லாப் பக்கமும் எடுத்திருப்போம், துணிமணி இருக்கும், டெஸ்டுக்குப் பல்லு எடுத்து அனுப்பியிருப்பாங்க. நீங்க ரத்தம் குடுத்தா ஒத்துப் பாத்திரலாம். திங்கக்கிழமை காலையில வர முடியுமா? எஸ்.ஐ. சார் இருப்பாரு."

"வாரேன்."

"பேர் சொல்லுங்க."

"சங்கரவடிவு."

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள். காற்று உள்ளே புகுந்து வார்த்தையைப் பின்னுக்குத் தள்ளியது.

"என்னம்மா, கேக்கல, காத்து இரையுது."

சங்கரவடிவு திரும்பிச் சுவரோடு சுவராக நின்று, போனையும் வாயையும் சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியல. வந்து பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள். "எனக்கு ஒரு தம்பி உண்டு, பிரமநாயகம்னு பேரு. நான் அவன் அக்கா."